தகரச் சுவருக்கு இந்தப் பக்கம்

"இழுக்கவேண்டிய நேரத்தில கதைக்கிறாய், கதைக்கவேண்டிய நேரத்தில இழுக்கிறாய். உன்னை வைச்சுக்கொண்டு மனுசன் ஒரு கேபிள் போட ஏலுமா?"

கேட்டது என் கணவர், இன்று காலையில். மூக்கு நீண்ட ஒரு பழைய லொறியின் பொனற்றைத் தூக்கிவிட்டு, என்ஜினுக்கு மேல் வயிற்றை வைத்துக் கிடந்தபடி கேட்டார். நான் டிரைவர் கால் வைக்கும் இடத்தில், கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே தலையை வைத்து மல்லாந்து கிடந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு தகரச் சுவர், சுவரில் ஓர் ஓட்டை. எங்கள் இல்லறத்தின் முக்கால்வாசிப் பேச்சு இந்த மாதிரி ஓட்டைகள் வழியாகத்தான் நடக்கிறது. நான் கதைத்தது அவருடைய விரலைப் பற்றி. விரலை விட்டுவிட்டுக் கேபிளைப் பிடிக்கச் சொன்னார்.

லொறிக்குக் கேபிள் போடுகிற தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுகிறவருக்கு இழுக்கிறவளைத் தெரியாது, இழுக்கிறவளுக்குத் தள்ளுகிறவரைத் தெரியாது. பழி மட்டும் ஓட்டை வழியாக இரண்டு பக்கமும் தாராளமாகப் போய் வரும்.

கணவரின் கடையில் சம்பளமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் உழைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லொறியில் என்ஜினையும் டிரைவர் இருக்கும் இடத்தையும் பிரிப்பதற்கு ஒரு சுவர் உண்டு. ஃபயர்வோல் என்பார்கள். என்ஜின் பக்கம் நெருப்புப் பிடித்தால் ஆளுக்கு வராமல் தடுக்க வைத்தது. முன்பு அதன் வழியாக ஒரு ரேடியோ வயர் போனால் பெரிய விஷயம். இப்போது டிரைவர்மாருக்கு உள்ளே பாட்டுச் செட் வேண்டும், ஃபான் வேண்டும், தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வேண்டும். அதற்கெல்லாம் பற்றரியிலிருந்து பெருவிரல் தடிப்பில் கேபிள் வரவேண்டும். சுவரில் ஓட்டை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையம் மாட்டி, அதற்குள்ளால் கேபிளை விடுவார் இவர். விளிம்பில் பிசிறு இருந்தால் லொறி குலுங்கக் குலுங்க அது ரப்பரையும் கேபிளின் தோலையும் அறுத்துவிடும். பிறகு நெருப்பைத் தடுக்கும் சுவரிலேயே நெருப்புப் பிடிக்கும். அதனால் தேய்த்து முடித்ததும் சுட்டுவிரலை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "வழுவழு" என்பார். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டுகளில் எந்த இன்ஜினியரின் கையெழுத்துக்கும் இல்லாத மதிப்பு இந்தச் சொல்லுக்கு இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவருக்குச் சீனி வருத்தம், டொக்டர்மார் பாஷையில் நீரிழிவு. விரல் நுனிகளில் உணர்வு செத்துக்கொண்டு வருகிறது. இன்னொரு காயம் பழுத்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று பொரளைக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அது எனக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும், எங்கள் ஒழுங்கையில் பாண் விற்கிறவருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

தலையணை

நான் வெள்ளவத்தையில் பிறந்து கொன்வென்ற்றில் படித்தவள். மேசைவிரிப்பில் பூப் பின்னவும், முழங்கால் தெரியாமல் உட்காரவும், செய்யாத பிழைக்கு இங்கிலீசில் மன்னிப்புக் கேட்கவும் சிஸ்டர்மார் பழக்கிவிட்டார்கள். லொறிக்குள் மல்லாந்து படுக்கும் முறையை ஒருவரும் சொல்லித் தரவில்லை. வாழ்க்கைப்பட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது வீட்டுக்கு முன்னால் ஒரு கராஜ் இருந்தது. கராஜுக்குப் பின்னால் வீடு இருந்தது என்பதுதான் சரி. இவருக்கு உதவியாக இருந்தவர் கட்டாருக்குப் போன கிழமை, அஞ்சு நிமிஷம் வந்து இந்தக் கேபிளைப் பிடி என்று கூப்பிட்டார். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியவில்லை. முதல் நாளே பின்மண்டை வீங்கியதால் அடுத்த நாள் தலையணையோடு போனேன். அதைக் கண்டதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார் போலும்.

என் பிறந்தநாளுக்குத் தங்கச்சி கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். அவள் கண்டது லொறிக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களை. குதிக்கால் வெடிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்திருக்கிறாள். குரல் கேட்டு நான் எழும்பப் போனேன். அவள் கதவோரம் குனிந்து, கேக் பெட்டியால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இப்ப வெளியில வராதை. ஓட்டோக்காரன் போகட்டும்."

காதுகுத்து

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் லொறி வாங்கினார். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், எதற்கும் நாள் பார்ப்பவர்கள். லொறிக்கு ஃபான் பூட்ட வேண்டும். ஆனால் லொறியின் உடம்பில் போடும் முதல் ஓட்டை என்பதால் செவ்வாய்க்கிழமை கூடாது, ராகுகாலம் கூடாது, டிரைவரின் வலது கைப் பக்கமும் கூடாது. தேங்காய், தேசிக்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்து, தட்டை என் கையில் தந்தார். நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். கற்பூரம் எல்லார் கையிலும் எரியும் என்றார்.

நல்ல நேரம் வந்தது, கரண்ட் போனது. டிரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. முதலாளி நெஞ்சில் கையை வைத்தார். நேரம் முடிவதற்குள் தொடங்கியதாகவாவது இருக்கட்டும், ஆணியால் ஓர் அடி அடியுங்கள் என்று கெஞ்சினார். இவரும் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். முதல் அடி ஆணியில் விழுந்தது, இரண்டாவது பெருவிரலில். சத்தம் எனக்கே பல்லில் கூசியது. இவர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை விழுந்ததைப் பார்க்கிற மாதிரி விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்றாவது அடியை அடித்தார். நகம் என் கண் முன்னாலேயே கறுத்தது. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

முதலாளி விரலைக் கவனிக்கவில்லை. அவர் லொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காயை உடைத்துவிட்டு, போகும்போது என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "காது குத்துறப்ப புள்ள அழணும்மா. இது அழவே இல்லையே, அதான் எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு."

பவுடர்

ரப்பர் வளையத்துக்குள் தடித்த கேபிள் சுலபமாக நுழையாது. பவுடர் பூசினால் வழுக்கிக்கொண்டு வரும். கராஜில் பவுடர் முடிந்த ஒரு நாள், அலுமாரியில் இருந்த என் முகப் பவுடரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டியிருக்கிறார். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. இவரோ, நல்ல சாமான், கேபிள் பட்டு மாதிரி வருகிறது என்று அதற்கு நற்சான்றிதழ் கொடுத்தார்.

அந்த லொறி கொம்பனித்தெருவில் இருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணருடையது. இரண்டு நாள் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் உயிரில்லை. லொறி முழுக்கப் பொம்பிளைப் பவுடர் மணக்கிறது, யார் ஏறினது என்று வீட்டில் பெரிய விசாரணையாம். கேபிளில் பூசியது என்று அவர் சொன்னதை அவருடைய மனைவி மட்டுமல்ல, அவருடைய உம்மாவும் நம்பவில்லை. அதனால் சாட்சிக்கு என்னிடம் கூட்டி வந்திருக்கிறார். நான் அப்போதுதான் லொறியொன்றுக்குள்ளிருந்து எழும்பி வந்திருந்தேன். ஹவுஸ்கோட்டில் கிரீஸ், தலையில் சிலந்தி வலை, கக்கத்தில் தலையணை. அந்தப் பிள்ளை என்னை உச்சியிலிருந்து கால்வரை ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு புருஷனின் பக்கம் திரும்பினாள்: "இவங்க எண்டா எனக்கு ஒண்டும் பயமில்ல. வாங்க போவோம்."

கேபிள் போகும் இடம்

குண்டுப் பயத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த காலம். நாங்கள் கேபிள் போட்டு அனுப்பிய லொறியை ஒரு சாவடியில் மறித்துவிட்டார்கள். என்ஜின் பக்கமிருந்து சிவப்புக் கேபிள் புத்தம் புதிதாக வந்து சீற்றுக்குக் கீழே போகிறது. எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்டிருக்கிறார்கள். டிரைவர் எங்கள் ஆள்தான், பயந்துவிட்டான். கடையொன்றிலிருந்து எங்களுக்குப் போன் எடுத்தான். இவருக்குச் சிங்களம் நட்டு, போல்ட்டு அளவுக்குத்தான் வரும். ஆகவே நானும் போனேன்.

ரோட்டோரத்தில், பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்று பார்க்க, நான் மறுபடியும் மல்லாந்து படுத்தேன். கேபிளைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போய்க் கடைசியில் சீற்றுக்கு அடியிலிருந்து கேத்தலை எடுத்தேன். கேத்தல்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார் அந்த இளம் சிப்பாய். தண்ணி ஊற்றிக் கொதிக்க வைத்தோம். ஒரு கேத்தல் தண்ணி கொதிப்பதை இத்தனை பேர் மூச்சுவிடாமல் பார்த்து நான் கண்டதில்லை. இதற்கிடையில் இவரைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப். அதை நானும் அப்போதுதான் கண்டேன். தண்ணி கொதித்தது. நான் சிஸ்டர்மாரின் குரலில், ஒரு கேத்தலுக்கு இவ்வளவு பயமா மகன் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அம்மே, வயர் எங்க போகுதெண்டு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பயம் எனக்குத்தானே."

கறுப்பு டேப்

அந்த டேப்பைக் கழற்றிக் காட்டுங்கள் என்று வரும் வழியெல்லாம் கேட்டேன். சின்னக் கீறல் என்றார். சாப்பிடும்போது கேட்டேன், இடது கையால் தண்ணியை எடுத்துக் குடித்தார். கடைசியில், இனி லொறிக்குள் படுக்க மாட்டேன் என்று தலையணையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பொரளைக்கு வரச் சம்மதித்தார். கிளினிக்கில் நர்ஸ் டேப்பை உரிக்க, அது சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் வந்த மணத்துக்கு நான் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன். இவர் சுவரில் ஓடிய வயரைப் பார்த்துக்கொண்டு, இதை யாரோ ஒழுங்கில்லாமல் அடித்திருக்கிறார்கள் என்றார்.

டொக்டர் பொறுமைசாலி. யார் கட்டுப் போட்டது என்று கேட்டார். நான்தான், தண்ணி உள்ளே போகாது என்று இவர் பெருமையாகச் சொன்னார். தண்ணி போகவில்லை, சீழும் வெளியே வரவில்லை என்று டொக்டர் விளக்கினார். இந்த முறை விரல் தப்பிவிடும், அடுத்த முறைக்குத் தான் பொறுப்பில்லை, வெட்டினாலும் சுட்டாலும் இந்த விரல்கள் இனி உங்களுக்குச் சொல்லாது, ஆகவே வேலை செய்யும்போது தடித்த கையுறை கட்டாயம் என்றார். பிசிறு விளிம்பு கேபிளின் தோலை அறுப்பதைப் பற்றி இவர் லொறிக்காரருக்கெல்லாம் செய்கிற அதே பிரசங்கம்தான். இந்த முறை கேபிள் இவராக இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது. பிறகு எழும்பி நின்று, டொக்டருக்கு ஒரு தொழில் இரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிற தயவோடு சொன்னார்: "கையுறையைப் போட்டா ஓட்டையின்ர விளிம்பை நான் எப்பிடி டொக்டர் தடவிப் பாக்கிறது?"

எரிந்த மணம்

விரல் ஆறியது. கையுறை, வாங்கின பையோடு ஆணியில் தொங்கியது. அந்த நேரத்தில்தான் ஒருகொடவத்தையிலிருந்து நிமல் வந்தான். பல காலமாக எங்களிடம் வருகிற சிங்கள டிரைவர், தமிழ் நன்றாகக் கதைப்பான். பாட்டைப் போட்டால் எரிந்த ரப்பர் மணக்கிறது என்றான். நான் வழக்கம்போல உள்ளே போய்ப் படுத்து ரோச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் ஓரிடத்தில் கத்தியால் கீறினமாதிரி பிளந்திருந்தது. கேபிளின் தோல் உரிந்து செம்பு எட்டிப் பார்த்தது. விளிம்பில் விரலை வைத்தேன். சுள் என்றது. இரத்தம். அது வழுவழு இல்லை, அரிவாள்.

தேய்த்துவிட்டு விரலால் சுற்றிப் பார்த்திருக்கிறார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததை இவர் வழுவழு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை லொறி அந்தச் சொல்லை நம்பி மலையேறி இறங்குகிறதோ! இவர், ரப்பர் பிழை, இப்ப வருகிற சாமான் எல்லாம் குப்பை என்றார். நான் வெட்டுப்பட்ட விரலை ஹவுஸ்கோட்டுக்குள் மறைத்தேன். காட்டினால் நிமலுக்கு முன்னால் அவருடைய பெயர் போய்விடும் என்று பயந்தேன். நிமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கேலியாகச் சொல்லவில்லை, பாவம், தொழில் தெரிந்தவரைச் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுகிறபடி கூப்பிட்டு, உண்மையாகவே கேட்டான்: "பாஸ் உன்னஹே, நீங்க வழுவழு எண்டு சொன்னா நான் குனிஞ்சுகூடப் பாக்கிறதில்ல. இனிப் பாக்க வேணுமா?"

வழுவழு

அன்றிலிருந்து ஓட்டைகளைச் சோதிப்பது நான். அவருக்குத் தெரியாது. அவர் என்ஜின் பக்கம் ரப்பர் வளையத்தைத் தேடும் நேரத்தில், நான் என் பக்கம் விரலை விட்டுச் சுற்றிப் பார்ப்பேன். பிசிறு இருந்தால், தங்கச்சி தந்த நகம் தேய்க்கும் அரத்தை ஹவுஸ்கோட் பையிலிருந்து எடுத்துத் தேய்ப்பேன். என்ன சத்தம் என்று கேட்டால் எலி என்பேன். அதன் பிறகு நிமலின் லொறியோ வேறு எந்த லொறியோ எரிந்த மணம் என்று திரும்பி வரவில்லை. கராஜுக்கு வருகிறவர்கள் பழையபடி பாஸின் விரலைப் புகழ்கிறார்கள். என் விரல்களில் இப்போது மோதிரத்தைவிடப் பிளாஸ்டர்தான் அதிகம். லொறிகளுக்கு நான் இருக்கிறேன். அவருடைய விரலுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்று காலை மூக்கு லொறியில் ஓட்டை போட்டார். கொர கொரவென்று அரம் ஓடியது, நின்றது. நான் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஓட்டை வழியாக அவருடைய சுட்டுவிரல் எட்டிப் பார்த்தது. ஆறுதலாக, நிதானமாக, கடிகார முள்ளைப்போலச் சுற்றியது. மேல் பாதியில் வெறும் தகரம். கீழ்ப் பாதியில் விரலுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு கூடவே வந்தது. ஒரு துளி என் கன்னத்தில் விழுந்தது. விரல் உள்ளே போனது. "வழுவழு" என்றார்.

விரல் வெட்டுப்பட்டுவிட்டது என்று நான் கத்தியதும், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சண்டையை அவர் தொடங்கியதும் அப்போதுதான். கிரீஸ் பட்ட கையில் இரத்தம் தெரியாதாம், எண்ணெயாக இருக்குமாம். நான் என் அரத்தை எடுத்துப் பிசிறைத் தேய்த்தேன். எலி என்று சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. ஒருவேளை எலியைப் பற்றி அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கலாம். வளையம் வந்து உட்கார்ந்தது. அதற்குள்ளால் கேபிளின் தலை வந்தது. என் வெள்ளைப் பவுடர் இந்த முறை ரோஸ் நிறத்தில் வந்தது. கேபிளுக்கும் ரப்பருக்கும் இடையில் மயிரிழை இடமும் இல்லை. ஆனாலும் வாயைச் சுவரோடு வைத்து, கொன்வென்ற்றில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் பழகிய குரலில், மெதுவாகச் சொன்னேன்: "இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கிளினிக் நாள். இதோட இறங்குங்கோ, போய்க் காட்டிப்போட்டு வருவம்."

பதிலுக்கு இன்னொரு முழம் கேபிள்தான் வந்தது. இல்லாத சம்பளத்துக்கு விசுவாசமாக நானும் இழுத்தேன்.